முனைவுத் தன்மையும் கொதிநிலையும்



ஆசிரியப் பணியில் இருந்த நாளில், பல்லாண்டுகள் நான் ஒரு பிழையைக் கற்பித்து வந்தேன். கொதிநிலை மிகுந்த பொருளே முனைவுத் தன்மையும் மிகுந்தது என்பதே அப்பிழை. தேர்வு ஒன்றில், அசிட்டோன், புரோப்பனால் ஆகிய இரண்டனுள் அசிட்டோனே முனைவு மிகுந்தது என எழுதிய மாணவன் ஒருவனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுநாள் அவன் அட்டவணையுடன் வந்தான். அவன் எழுதியதே சரி.

கார்பனும் ஆக்ஸிஜனும் பங்கிட்டுக்கொள்ளும் எலெக்ட்ரான்கள் நடுவில் நிற்பதில்லை. பாலிங்கின் அளவுகோலில் கார்பனின் எலெக்ட்ரான் கவர்திறன் 2.55, ஆக்ஸிஜனுடையது 3.44. ஆகவே எலெக்ட்ரான்கள் ஆக்ஸிஜன் பக்கம் சாய்கின்றன. அம்முனையில் சிறிது எதிர்மின்னும், மறுமுனையில் சிறிது நேர்மின்னும் தோன்றுகின்றன. இச்சாய்வைக் குறிப்பதே இருமுனைத் திருப்புத்திறன். அதன் அலகுக்கு டிபை என்னும் அறிஞரின் பெயர் வழங்குகிறது.

இனி, வினைத்தொகுதிகளை ஒப்பிடுவோம். மூலக்கூறு எடை 58 முதல் 60 வரையுள்ள பொருள்களையே எடுத்துக்கொள்வோம். எடை வேறுபாடு நம்மை மயக்காதிருக்க வேண்டுமன்றோ? ஆக்ஸிஜனே இல்லாத பியூட்டேன் சுழிப் பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கிறது. கீட்டோன் தொகுதியுடைய அசிட்டோன் 56 பாகை சென்டிகிரேடிலும், ஆல்கஹாலாகிய 1-புரோப்பனால் 97 பாகையிலும், அசிட்டிக் அமிலம் 118 பாகையிலும், அசிட்டமைடு 221 பாகையிலும் கொதிக்கின்றன.

ஆனால் திருப்புத்திறனோ வேறு வரிசையைக் காட்டுகிறது. அசிட்டோனுக்கு அது ஏறத்தாழ 2.9 டிபை, புரோப்பனாலுக்கும் அசிட்டிக் அமிலத்திற்கும் 1.7 அளவே. கீட்டோனின் இரட்டைப் பிணைப்பிலுள்ள எலெக்ட்ரான்கள் எளிதில் ஆக்ஸிஜன்பால் நகர்வதே இதற்குக் காரணம்.

அங்ஙனமாயின் அசிட்டோன் முன்னதாகக் கொதிப்பது ஏன்? அதன் ஆக்ஸிஜனோடு ஹைட்ரஜன் இணைந்திருக்கவில்லை. ஆல்கஹாலிலோ இணைந்திருக்கிறது. அந்த ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்கிறது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. அமில மூலக்கூறுகள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன. அமைடில் மிகுந்த சாய்வும் ஹைட்ரஜன் பிணைப்பும் ஒருங்கே சேர்கின்றன. ஆகவே அது யாவற்றினும் உயர்ந்து நிற்கிறது.

எனவே, இரு வினாக்களைத் தனித்தனியே கேளுங்கள். எலெக்ட்ரான்கள் எவ்வளவு சாய்ந்துள்ளன? ஆக்ஸிஜனுடனோ நைட்ரஜனுடனோ இணைந்த ஹைட்ரஜன் உண்டா? முதல் வினா முனைவைக் கூறும். கொதிநிலையை அறிய இரண்டும் வேண்டும்.

அம்மாணவனுக்குரிய மதிப்பெண்ணை வகுப்பறையிலேயே திருப்பி அளித்தேன். ஆசிரியர் கூற்றாயினும் அளவையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள்.