பதினொரு பெயர்களும் ஐயாயிரம் பெயர்களும்

கூடிச் செய்யும் வேலை – 9

1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' ஆய்விதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் பதினொரு பேர். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஐவர், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து இருவர், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து நால்வர். மூன்று நாட்டாரும் கூடி வேலை செய்த இடம், கோலார் தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம். தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர். காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை அந்த ஆழத்தில் கண்டோம் என்று கட்டுரை அறிவித்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேட்டையில் இருந்த பிரெடரிக் ரைன்ஸ் குழுவின் கட்டுரை, அதே மாதக் கடைசியில் வந்தது.

கோலாரைத் தேர்ந்ததற்குக் காரணம் பாறை. ஹோமி பாபாவின் மாணவர் பி.வி. ஸ்ரீகண்டன் 1951-லேயே இங்கே வந்து, ஆழம் கூடக் கூட எத்தனை மியூவான் துகள்கள் கீழே வந்து சேர்கின்றன என்று எண்ணத் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில், ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோமீட்டர் ஆழத்தில் கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. மற்ற எல்லாவற்றையும் பாறை தடுத்துவிட்டது. இனி இங்கே ஏதாவது தென்பட்டால் அது நியூட்ரினோவின் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

டர்ஹாமின் வுல்ஃபன்டேல் குழு நியான் ஒளிர்குழாய்களில் கைதேர்ந்தது. ஒசாகாவின் மியாகே கோலாரில் முன்பே ஆய்வு செய்தவர். எம்.ஜி.கே. மேனனும் ஸ்ரீகண்டனும் தலைமை தாங்கிய மும்பைக் குழுவுக்குச் சுரங்கமும் அதன் நடைமுறைகளும் பழக்கம். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. ஆனால் மூன்று நாட்டு ஊர்களுக்கிடையே பேச்சு நடந்தது விமானத் தபாலிலும் தந்தியிலும் நேரில் வந்து போவதிலும்தான். ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப வாரங்கள் ஆகும். அந்த வேகத்துக்குப் பதினொரு பேர் என்பதே பெரிய கூட்டணி.

தொலைவிலிருந்தபடி கூடி வேலை செய்வது சுரங்கத்துக்குப் புதிதல்ல. கீழே நிற்பவரும் மேலே இயந்திரத்தை ஓட்டுபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. இருவருக்கும் நடுவே மணி பேசியது. ஓடும் கேஜை நிறுத்த ஒரு மணி, ஆட்கள் ஏறுகிறார்கள் என்றால் மூன்று மணி. மணியின் எண்ணிக்கையை எல்லோரும் ஒரே மாதிரிப் புரிந்துகொண்டதால்தான் ஒவ்வொரு ஷிப்டும் பத்திரமாக மேலே வந்தது. கருவி எதுவானாலும் அதற்கு முன்னால் ஓர் ஒப்பந்தம் தேவைப்படுகிறது.

இயற்பியலாளர்களின் கூட்டம் பெருகப் பெருக, அவர்களுக்கும் தபால் போதவில்லை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் பல நாட்டவர் வருவார்கள், சில ஆண்டுகளில் போய்விடுவார்கள். அவர்களோடு தகவலும் போய்விடும். இந்த இழப்பைத் தடுக்க 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய திட்டம்தான் பின்னர் வையவிரிவு வலையாக வளர்ந்தது. 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸில் பால் கின்ஸ்பார்க், அச்சேறும் முன்பே கட்டுரைகளைப் பகிரும் 'ஆர்க்கைவ்' தளத்தைத் தொடங்கினார். இந்தியாவில் 1986-ல் தொடங்கிய எர்நெட் திட்டம், ஐஐடிகளையும் இந்திய அறிவியல் கழகத்தையும் மின்னஞ்சலால் இணைத்தது.

2015-ல் செர்னின் இரண்டு குழுக்கள் சேர்ந்து ஹிக்ஸ் போசானின் நிறையைக் கணித்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள் இருந்தன. 33 பக்கங்களில் ஆய்வுக்கு ஒன்பது பக்கம். மீதி 24 பக்கங்களில் பெயர்களும் அவர்களுடைய நிறுவனங்களும். பொதுவான கோப்பு, ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தவர் பெயரோடு பதியும் மென்பொருள், காணொளிக் கூட்டம் ஆகியவை இல்லாமல் இந்தப் பெருக்கம் நடந்திருக்காது. செர்ன் 2014-ல் தன் தரவுகளில் ஒரு பகுதியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. கோலாரில் பாடம் படிக்கும் கல்லூரி மாணவியும் இன்று அந்த மோதல்களைத் தன் திரையில் எடுத்துப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் கோலாரின் பட்டியலை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. 1980-களில் புரோட்டான் சிதைவைத் தேட, 140 டன் எடையுள்ள கருவி சுரங்கத்தின் அடியில் நிறுவப்பட்டது. அத்தனையும் துண்டு துண்டாகச் சாஃப்ட் வழியே இறங்கியது. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து லைன் வீடுகளில் மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் குடைந்த வழி அது. கட்டுரைகளின் முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. அது அக்கால வழக்கம். இன்று பல ஆய்விதழ்கள், கருவி அமைத்தது யார், தரவு திரட்டியது யார் என்று பதினான்கு வகைப் பங்களிப்புகளைத் தனித்தனியே குறிக்கச் சொல்கின்றன. நிரலாளர் இணையும் எந்தத் திட்டத்திலும், திருத்திய ஒரு வரிக்குக்கூடப் பெயர் உண்டு. யார் என்ன செய்தார் என்பது அழியாமல் நிற்பதே இந்தக் கருவிகள் தந்த பெரிய நன்மை. வேகம்கூட அதற்கு அடுத்ததுதான்.

எல்லோருக்கும் அந்த நன்மை சமமாகக் கிடைக்கவில்லை. கோலார் சுரங்கங்களை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதன்பின் மாரிக்குப்பத்திலிருந்து பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு விடியற்காலையில் கிளம்பும் ரயில்தான் ஊரின் பிழைப்பு. 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றபோது, கணினி முன்னால் வேலை செய்தவர்களுக்கு வீடே அலுவலகமானது. காவல், துப்புரவு, கட்டட வேலைக்குப் போனவர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஒரே பெட்டியில் பயணம் செய்தவர்களை, வேலையின் தன்மை இரண்டாகப் பிரித்தது.

சுரங்கத்தில் துளையிட்டவர், முட்டுக்கொடுத்தவர், டிராலி தள்ளியவர் இன்னும் சிலர் ஊரில் இருக்கிறார்கள். எந்த லெவலில் எந்த ஆண்டு வேலை செய்தார்கள் என்று அவர்களால் சொல்ல முடியும். அதைப் பதிவுசெய்யப் பெரிய பணம் வேண்டாம். பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஒரு பொதுக் கோப்பு, பேரப்பிள்ளைகள் கையிலிருக்கும் போன், பெயரையும் வேலையையும் தவறாமல் குறிக்கும் ஒழுங்கு, இவ்வளவே போதும். ஆனால் காலம் குறைவு. சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது; கடைசி ஷிப்டில் இறங்கிய இளைஞருக்கே இன்று நரை கண்டிருக்கும்.

இதற்குத் தமிழிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் ஊதியமின்றிப் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அதன் மின்நூல்களில் உள்ளிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் முகப்பிலேயே இருக்கும். ஒருவரையொருவர் பார்த்திராத அந்தக் கூட்டம் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொண்டது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)