கத்தியை எடுக்கும் முன் ஒரு கேள்வி

புதுதில்லி: மார்பகப் புற்றுநோய் உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிய பின் சிகிச்சைக்கு வரும் பெண்ணுக்கு மார்பகத்தை அகற்றத்தான் வேண்டுமா? கட்டியை எடுத்துவிட்டால் ஆயுள் கூடும் என்று மருத்துவர்கள் பலர் நம்பினர். பழைய பதிவேடுகளும் அப்படித்தான் கூறின. ஆனால், உடல்நிலை தேறியவர்களே அறுவைச் சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதால் அந்தக் கணக்கு ஐயத்துக்குரியதாக இருந்தது.

இக்கேள்விக்கு விடை தேடியவர் மும்பை டாடா நினைவு மையத்தின் அறுவைச் சிகிச்சை நிபுணர் ராஜேந்திர பட்வே. 2005 முதல் 2013 வரை, மருந்துச் சிகிச்சையில் பலன் கண்ட 350 பெண்களை அவரது குழு குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. 2015-இல் வெளியான முடிவு தெளிவானது. அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் இரண்டாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் 41.9 சதவீதம், பெறாதவர்களில் 43 சதவீதம். வலியும் செலவுமே மிச்சம்.

அறுவைச் சிகிச்சை அவசியமான தொடக்கநிலை நோயாளிகளுக்காகவும் அவர் ஆய்வு நடத்தினார். கட்டியைச் சுற்றி, மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் மருந்தை முன்கூட்டியே செலுத்தியபோது, ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் விகிதம் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்தது. சுமார் 1,600 பெண்கள் பங்கேற்ற இந்த ஆய்வு 2023-இல் வெளியானது. லிடோகெய்ன் சாதாரண மருத்துவமனையிலும் குறைந்த விலைக்குக் கிடைப்பது.

2013-இல் பத்மஸ்ரீ பெற்ற பட்வே, 2023 வரை அம்மையத்தின் இயக்குநராக இருந்தார். மத்திய அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் அம்மையத்தின் முன்முயற்சியில் 2012-இல் தேசிய புற்றுநோய் மருத்துவமனைகள் கூட்டமைப்பு உருவானது. எங்கு சென்றாலும் ஒரே தரத்தில் சிகிச்சை என்பதே அதன் நோக்கம். புற்றுநோய்ச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய பத்து நடைமுறைகளின் பட்டியலும் 2019-இல் வெளியிடப்பட்டது.

பட்டியல் இருக்கிறது, அது பின்பற்றப்படுகிறதா என்பதை அறிய, யாருக்கு என்ன சிகிச்சை, முடிவு என்ன என்ற முழுக் கணக்கு வேண்டும். புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்குமாறு சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 செப்டம்பரில் பரிந்துரைத்தது. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளதால் மாநிலங்களின் ஒத்துழைப்பும் இன்றியமையாதது. மாநிலங்கள் சில முன்வந்துள்ளன.

நோயாளி மருத்துவரின் சொல்லை நம்பியே கையெழுத்திடுகிறார். அந்தச் சொல்லுக்கு ஆதாரம் உண்டா என்று கேட்கும் பொறுப்பை அவர் தலையில் சுமத்த முடியாது. அது அரசின் கடமை.