உள்ளங்கையில் ஓர் அம்பாஸிடர்

ஆத்தூர்ப் பக்கத்தில் கல்யாண ஊர்வலமா, கொடைக்கானல் பிரயாணமா, நடுநிசியில் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா, எதற்கும் ஒரே வாகனம் இருந்த காலம் உண்டு. அதுதான் அம்பாஸிடர். ஐந்து பேர் உட்காரும் வண்டி ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு, தலையில் பெட்டி படுக்கைகளையும் சுமந்துகொண்டு, முனகாமல் மலையேறும். முனகிக்கொண்டே ஏறும் என்று சொல்வதுதான் உண்மைக்குப் பொருத்தம். 2014-ம் வருஷம் மே மாதத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் உத்தரபாராத் தொழிற்சாலையில் வேலையை நிறுத்தியதோடு அந்த வண்டியின் உற்பத்தியும் நின்றது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அவர்களுக்கு அம்பாஸிடர் என்பது பழைய சினிமாவில் வில்லன் வந்து இறங்கும் வண்டி, அவ்வளவுதான்.

மற்ற தேசங்களில் ஒரு மோட்டார் வண்டி இவ்வளவு சுலபமாக மறைந்துவிடுவதில்லை. சாலையை விட்டுப் போனாலும் அது ஒரு காகிதப் பெட்டிக்குள் புகுந்துகொள்கிறது. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் கதவும், சக்கரமும், எஞ்சினும் காய்த்துத் தொங்குவது போல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, அரம் போட்டுத் தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசினால், நிஜ வண்டியின் 24-ல் ஒரு பங்கு அளவில் அச்சு அசலான வண்டி மேஜைமேல் நிற்கும். இங்கிலாந்தில் ஏர்பிக்ஸ் கம்பெனியார் 1949-ல் பெர்குஸன் டிராக்டர் ஒன்றைச் சிறிதாகச் செய்தார்கள். டிராக்டர் விற்கப் போகும் ஆட்கள் கையில் எடுத்துக் காட்டுவதற்காகச் செய்தது, பின்னால் தனித்தனி உறுப்புகளாகக் கடைக்கு வந்துவிட்டது. ஜப்பானில் ஷிஜுவோகா நகரத்து டாமியா கம்பெனி 1946-ல் மரவியாபாரமாகத் தொடங்கியது. 1960-ல் பிளாஸ்டிக்கில் யமாட்டோ போர்க்கப்பலைச் செய்தார்கள்; 1967-ல் ஹோண்டா பந்தயக் காரைச் செய்தார்கள். மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு வந்தவர்களின் பெயர் இன்று உலகமெங்கும் விளையாட்டுப் பிரியர்களின் நாவில் இருக்கிறது.

இப்படிப்பட்ட பெட்டி ஒன்று அம்பாஸிடருக்குக் கிடைக்குமா என்று நாம் விசாரித்த கடைகளில் கிடைக்கவில்லை. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நமது சொந்த வண்டி என்று நாம் கொண்டாடிய அம்பாஸிடரின் ஜாதகம் எழுதப்பட்டது ஆங்கில தேசத்தில். அங்கே அதற்கு மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்று பெயர். 1950-களின் இறுதியில் இங்கே வந்து அம்பாஸிடராயிற்று. பிறந்த வீட்டில் சில வருஷங்களில் அதை மறந்துவிட்டார்கள். புகுந்த வீட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. ஆகவே அதை நினைவில் வைக்கும் கடமையும் புகுந்த வீட்டாருடையதுதான்.

பெட்டி கிடைக்காவிட்டால் என்ன? ஸென்டி என்ற இந்தியக் கம்பெனியார் குழந்தைகளுக்காகச் செய்த அம்பாஸிடர் பொம்மை இருக்கிறது. பின்னால் இழுத்துவிட்டால் முன்னால் ஓடும், உள்ளங்கையில் அடங்கும். ஜப்பானியப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை அற்பம். நமது தேசத்து இளைஞர்கள் பலர் இத்தகைய பொம்மைகளைக் கழற்றி, திருத்தி, மறுபடி வர்ணம் தீட்டி, நிஜ வண்டிக்கு நகலாக்கும் வித்தையைப் பழகியிருக்கிறார்கள். நாமும் பத்து வயதுப் பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதே வழியில் இறங்கினோம்.

ஆனால் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், முப்பது வருஷம் அம்பாஸிடர் டாக்ஸி ஓட்டிய நமது ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போனோம். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சமமா நிக்குதே, ஐயா! சவாரி போற வண்டி இப்பிடியா நிக்கும்? பின்னாலே ஸ்பிரிங் பட்டை உக்காந்து, மூக்கைத் தூக்கிக்கிட்டுல்ல போகும்!" என்றார். பிறகு பையனைப் பார்த்து, "பேராண்டி, மேலே கேரியர் வைக்காம விட்டுறாதே. கேரியர் இல்லாத வண்டி மந்திரி வண்டி, நம்ம வண்டி இல்லே" என்றார்.

வர்ணத்தைப் பற்றியும் சொன்னார். புது வண்டிதான் பால் வெள்ளையாம். நாலு கோடை வெயில் பட்ட வண்டி மோர் நிறத்துக்கு வந்துவிடுமாம். எந்தப் புஸ்தகத்திலும் நமக்கு அகப்பட்டிராத விவரங்கள் இவை.

அடிப்பாகத்துத் திருகாணிகளைக் கழற்றியதும் வண்டி கூடாகவும், கண்ணாடியாகவும், ஆசனமாகவும் பிரிந்தது. கூட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவது முதற் காரியம். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசிய எண்ணெயோ, நமது விரல் பிசுக்கோ சிறிது இருந்தாலும் வர்ணம் பிடிக்காது. பிறகு பிரைமர், அது உலர்ந்தபின் வெள்ளையில் ஒரு பொட்டு மஞ்சள் கலந்த மோர் நிறம். ஒரே பூச்சாகப் பூசினால் கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய கோடு அடைபட்டுப் போகும். ஆகவே புகை படர்ந்தது போல மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் காத்திருக்க வேண்டும். பத்து வயதுப் பையனைக் காத்திருக்கச் சொல்வதுதான் இந்த வித்தையில் மிகவும் கஷ்டமான பாகம். மழை மூட்டமான நாளில் இந்த வேலையே கூடாது; காற்றிலுள்ள ஈரம் பளபளப்பைக் குடித்துவிடும். ஜன்னல் கண்ணாடியை ஒட்டுவதற்கு உடனே பிடிக்கும் பசை உதவாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி வெண்மையாக மங்கிப்போகும். வெள்ளைப் பசைதான் நல்லது. பம்பருக்கும் விளக்கு வளையத்துக்கும் சாக்லெட்டைச் சுற்றி வரும் வெள்ளித் தாள் போதும்.

கேரியரைப் பழைய மின்சார ஒயரின் செம்புக் கம்பியில் வளைத்தோம். அதன்மேல் மூட்டை முடிச்சு வேண்டுமல்லவா? பக்கத்துச் சின்னாளபட்டிச் சுங்குடித் துணியைக் கிழித்துக் கட்டினால் ஊர்ப் பெருமையாக இருக்குமே என்று வீட்டில் யோசனை சொன்னார்கள். ஆனால் அந்த அளவில் சுங்குடிப் புள்ளி ஒவ்வொன்றும் தாம்பாளம் போலத் தெரியும். ஆகவே மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்து மூட்டையாக்கி, புள்ளிகளைக் குண்டூசி முனையால் வைத்தோம். பின்புற அச்சு உட்காரும் பள்ளத்தை ஓர் அட்டையின் கனத்துக்கு ஆழமாக்கியதும் பெரியவர் சொன்னபடி வண்டி மூக்கைத் தூக்கியது.

இனிப் படம் பிடிக்கும் விஷயம். நிஜ அம்பாஸிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். கையிலுள்ள வண்டி 12 சென்டிமீட்டர் என்றால் 36-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதனை இந்தக் கணக்கில் சுருக்கினால் இரண்டு அங்குலம்கூட இல்லை. காமிராவின் கண்ணும் அந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் பொம்மை பொம்மையாகவே தெரியும். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் கண் தரையை ஒட்டி வந்துவிடும். பெரிய காமிராவில் வண்டி தெளிந்தால் மலை மங்கும். கைப்பேசியின் சிறிய கண்ணில் இரண்டும் ஒருங்கே தெளிவாக விழுவது நமக்கு அனுகூலம்.

அமெரிக்கரான மைக்கேல் பால் ஸ்மித் இதில் மகா நிபுணர். மடக்கு மேஜைமேல் சிறு கார்களை நிறுத்தி, பின்னால் நிஜத் தெருவும் மரமும் தெரியும்படி, சாதாரணக் காமிராவினால் எல்ஜின் பார்க் என்ற கற்பனை ஊரையே படைத்துக் காட்டினார். அவர் 2018-ல் காலமானார். அவருடைய படங்களைப் பார்த்து அது எந்த ஊர் என்று கேட்டவர்கள் உண்டு.

நமக்குக் கற்பனை ஊர் தேவைப்படவில்லை. திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் காமராஜர் அணைக்குப் போகும் சாலையோரத்தில் முக்காலியைப் போட்டு, அதன்மேல் பலகையை வைத்தோம். பலகையின் விளிம்பும் பின்னாலுள்ள சாலையும் ஒரே மட்டமாக விழும்படி பார்த்துக்கொண்டால் நடுவிலுள்ள இடைவெளி கண்ணுக்கு மறைந்துவிடும். வண்டிக்கு ஓரடி தள்ளிக் காமிரா இருந்தால் நிஜ வண்டிக்கு 36 அடி தள்ளி நிற்பதற்குச் சமானம். பலகையில் பரப்பிய செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்தோம். ஒரு மில்லிமீட்டர் மணல் இந்தக் கணக்கில் ஒன்றரை அங்குலச் சரளைக்கல் ஆகிவிடும்! தண்ணீர் மட்டும் எந்தச் சலிப்புக்கும் கட்டுப்படாது. ஒரு துளி விழுந்தால் உடனே குட்டு வெளிப்படும். ஏரியைத் தூரத்தில் வெள்ளிக் கோடாக வைப்பதே யுக்தி. மலை மேற்கே இருக்கிறபடியால் காலை வெயில் அதன் முகத்தில் விழும். மாலையில் போகிறவர்களுக்குக் கறுத்த மலைதான் கிடைக்கும்.

ஏழு மணி வெயிலில் எடுத்த படத்தைப் பெரியவரிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பின்பக்கம் போதுமான அளவு தாழ்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அந்த வளைவில் ஒரு தடவை எஞ்சின் கொதித்து நின்றதையும், கல்யாண கோஷ்டி இறங்கி ஏரித் தண்ணீர் சுமந்து வந்ததையும் பையனுக்குச் சொன்னார். பையன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்கு முன்னாலே என்ன வண்டி ஓட்டினீங்க, தாத்தா?" என்றான்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பதில் வந்தது. 1961-ல் சென்னையில் செய்யத் தொடங்கிய வண்டி அது. அதற்குப் பொம்மை கிடைக்காவிட்டால் வெறும் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டியே செய்துவிடலாம் என்பது பையனின் அபிப்பிராயம். அளவெடுப்பதற்கு நிஜ ஹெரால்டு எந்தக் கொட்டகையில் நிற்கிறது என்று இப்போது திண்டுக்கல் ஒர்க்ஷாப்புகளில் விசாரித்து வருகிறோம்.