பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? விலையைவிட ரோட்டை முதல்ல பாருங்க!

ஷோரூமில் அரைக் கோடி ரூபாய்க்கு விற்ற ஸ்போர்ட்ஸ் கார், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு புது எஸ்.யு.வி விலைக்கே விற்பனைக்கு வருகிறது. வெளிநாட்டில் சம்பாதித்த சேமிப்போடு ஊர் திரும்பும் இளைஞர்களுக்கு அது பெரிய ஆசை. ஆனால், காரின் விலை குறைந்ததே தவிர, உதிரிபாகங்களின் விலை குறையவில்லை. பிரேக் டிஸ்க், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் இன்றைக்கும் அரைக் கோடி ரூபாய் காரின் பாகங்கள்தான்!

திருமானூர் ரோட்டில் தாங்குமா?

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமானூரை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கும் ஊர். சிமென்ட் ஆலைகள் நிறைந்த மாவட்டம் என்பதால் லாரிகளுக்குப் பஞ்சமில்லை.

இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். பல ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிப்பகுதி தரையிலிருந்து 10 முதல் 13 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். விதிப்படி போட்ட வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிவிடலாம். தெருவில் அவரவர் இஷ்டத்துக்குக் குறுகலாகப் போட்ட மேட்டில் அடி தட்டும். ஆயில் சம்ப் உடைந்து ஆயில் ஒழுகுவதைக் கவனிக்காமல் ஓட்டினால், இன்ஜினே ஜாம் ஆகிவிடும். மெல்லிய டயர் என்பதால் பள்ளத்தில் ரிம் வளையும் ஆபத்தும் உண்டு.

நம்ம நாட்டு உதாரணம்

1990-களின் இறுதியில் சான் மோட்டார்ஸ் நிறுவனம் 'சான் ஸ்டார்ம்' என்ற இரண்டு சீட் காரைக் கொண்டுவந்தது. ஃபைபர் பாடி, 1.2 லிட்டர் ரெனோ இன்ஜின். ஃபைபர் துருப்பிடிக்காது. ஆனால், விரிசல் விட்டால் தகரத்தைப் போலத் தட்டி நிமிர்த்த முடியாது. ஃபைபர் வேலை தெரிந்தவர் வேண்டும். உற்பத்தி நின்றுபோன காருக்கு, பாகங்களையும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* டயர்: பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயர் ஆபத்துதான்.
* அடிப்பகுதி: காரை லிஃப்ட்டில் ஏற்றி, உரசல், ஒழுகல், வெல்டிங் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.
* சர்வீஸ் பில்: பிரேக் ஆயில், கூலன்ட், டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள்.
* மெக்கானிக்: வெளிநாட்டு பிராண்டுகளின் சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான். வழியில் நின்றால், கயிறு கட்டி இழுக்காமல் பிளாட்பெட் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதுதான் பாதுகாப்பு. அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.
* ஆவணம்: ஆர்.சி. மாற்ற படிவம் 29, 30 தேவை. கடன் இருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். வெளிமாநில வண்டி என்றால், அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரியும் கட்ட வேண்டும். 14 நாள்களுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

கடைசிக் கணக்கு

கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டால், முதல் பெரிய பழுதிலேயே கார் வாசலில் தார்ப்பாய்க்குள் போய்விடும். ஒரு வருடப் பராமரிப்புக்கான பணத்தைத் தனியாக எடுத்துவைத்த பிறகும் விலை கட்டுப்படியானால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள். அதற்கு முன், உங்கள் தெரு வேகத்தடையில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள்!