எறியப்பட்ட தாள்கள்

1976ஆம் ஆண்டில் இலண்டனில் கிளர்ந்தெழுந்த பங்க் இசையை வெறும் இரைச்சலென்று கூறுவோர் பலர். யானும் அதனை விரும்பிக் கேட்பவனல்லேன். ஆயினும் அவ்விசையைச் சூழ்ந்து பிறந்த கடதாசிகளின் கதை சுவையானது.

அவ்வாண்டு மார்க் பெரி என்னும் வங்கி எழுதுவினைஞர் 'ஸ்னிஃபின் குளூ' என்ற இதழைத் தொடங்கினார். தட்டச்சுப் பக்கங்கள், கையால் எழுதிய தலைப்பு, நிழற்பிரதி, அச்சகமே இல்லை. முதலிதழ் ஏறத்தாழ 50 பிரதிகள். படித்தோர் எறிந்தனர், எறிந்தமையாலேயே எஞ்சியவை அரும்பொருள்களாயின. 1977 மார்ச்சில் ஏ அண்ட் எம் கொம்பனி, 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவுடன் செய்த ஒப்பந்தத்தைச் சில நாள்களிலேயே முறித்து, ஆயத்தமாயிருந்த இசைத்தட்டுகளை அழிப்பித்தது. தப்பிய சிலவற்றுக்கு இன்று ஆயிரக்கணக்கான பவுண் கொடுக்கின்றனர்.

விலை ஏறவே போலிகளும் புகுந்தன. ஏட்டுச்சுவடிக்கு மூலம் வேறு, படி வேறு. இங்கோ மூலமே படி! மீண்டும் பிரதி எடுக்குந்தோறும் மெல்லிய கோடுகள் மறையும், கருமை திரளும். பழைய தாள் மஞ்சளிக்கும், தைத்த கம்பி துருவேறும். இவற்றைக் கொண்டு ஓரளவு தெளியலாம். ஆனால் துருவையும் மஞ்சளையும் செயற்கையாய் உண்டாக்க வல்லாரும் உளர். ஆதலின் எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்னும் வரலாறே வலிய சான்று. அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழக நூலகம் இத்தகைய துண்டுப்பிரசுரங்களைத் தொகுப்பாகவே பேணுகின்றது. ஒரே பெட்டியில் ஒருங்கிருந்தவற்றைத் தாள் தாளாகப் பிரித்து விற்கும் வணிகரோ அச்சான்றையே அழித்துவிடுகின்றனர்.