தரைக்கும் வண்டிக்கும் நடுவே

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் இருக்கும் ஒருவர், கைமாறிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, ஆலை, அச்சகம், வங்கி என்று தினமும் அதிலேயே போய்வர முடியுமா? முடியும் என்றே சொல்வேன். பத்து வயதைத் தாண்டிய பிஎம்டபிள்யூ இசட்4 போன்ற வண்டிகள் இன்று ஒரு புதிய நடுத்தரக் காரின் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது குதிரைத்திறனை. நம்மூர்ச் சாலையில் அந்த வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு: அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர், ரப்பருக்கு எத்தனை வயது, சைலன்சர் எவ்வளவு சூடாகிறது. கரிசல் மண்ணும் வெயிலும் பட்டாசும் சேர்ந்த இந்த வட்டாரத்தில் மூன்றாவது கேள்விக்கு எடை அதிகம்.

முதலில் வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் அதற்கு ஓர் அளவு வகுத்தது: அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர், மேற்பரப்பு 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. இந்த மூன்று எண்களும் தமக்குள் பொருந்துகின்றன. 3.7ஐ வர்க்கமாக்கி, ஆரத்தின் எட்டு மடங்கான 136ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வருகிறது. இதே கணக்கைக் காருக்கும் போடலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி இரண்டரை மீட்டர் என்றால், அதன் வர்க்கம் 6.25. அதை 136ஆல் வகுத்தால் 4.6 சென்டிமீட்டர். நான்கு சக்கரமும் தடையின் மேல் நிற்கும்போது நடுவே மேடு அவ்வளவுதான் எழும்பி நிற்கும். 12 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள ஸ்போர்ட்ஸ் கார் இதைத் தாராளமாகக் கடந்துவிடும். மூக்குக்கும் பெரிய ஆபத்து இல்லை. முன் சக்கரத்திலிருந்து 90 சென்டிமீட்டர் நீண்டிருக்கும் மூக்கு என்றால், சக்கரம் தடையின் ஓரத்தைத் தொடும் நேரத்தில் மூக்குக்கு அடியில் மேட்டின் உயரம் ஏழரை சென்டிமீட்டருக்குள்தான்.

ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் நம் ஊருக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்வது அநியாயம். விதிப்படி போட்ட தடை இத்தகைய காரை உரசாது. உரசுவது, இரவோடு இரவாகத் தாரைக் குவித்துப் போட்ட தடைதான். அரை மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம் என்று நிற்கும் அந்தக் குவியல் இரு அச்சுகளுக்கும் நடுவே முழுசாக அடங்கிவிடுகிறது. சக்கரங்கள் சமதரையில் இருக்க, மேட்டின் முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்கு எதிரே நிற்கிறது. 12 சென்டிமீட்டர் கார் அங்கே உரசியே தீரும். ஓட்டுகிறவரின் சாமர்த்தியம் அங்கே அதிகம் உதவாது. சாய்வாக ஏற்றினால் மூக்கு தப்பலாம், வயிறு தப்புவது கடினம். அடிபடுவது என்ஜின் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப் என்றால் என்ஜினே போய்விடும்.

விற்பனை விளம்பரத்தில் போட்டிருக்கும் இடைவெளி பெரும்பாலும் வெற்று வண்டியின் அளவு. ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடையுள்ள காரில் இரண்டு பேர், சுமார் 140 கிலோ, ஏறினால் ஸ்பிரிங்குகள் ஒன்றரை சென்டிமீட்டர் வரை இறங்கும். பழைய ஸ்பிரிங் என்றால் ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்து இறங்கியிருக்கும். தடைக்கு முன் பிரேக்கை அழுத்தியபடியே போனால் மூக்கு இன்னும் தாழும். வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டு, சக்கரம் தடையைத் தொடும் முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் உள்ள தடைகளை ஒவ்வொன்றாக அளந்து வையுங்கள். காரை மாற்றலாம், ஊர்ச் சாலையை மாற்ற முடியாது. சாத்தூர் வழியாகவோ விருதுநகர் வழியாகவோ நான்குவழிச் சாலையில் ஏறியபின் இந்தக் கவலை இல்லை. சிக்கல் முழுக்க வீட்டுக்கும் அந்தச் சாலைக்கும் இடைப்பட்ட கிலோமீட்டர்களில்தான்.

அடுத்தது டயர். 245/40 என்று எழுதியிருக்கும் டயரில், ரிம்மின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவர் 245இல் 40 சதவீதம், அதாவது 98 மில்லிமீட்டர். சாதாரண ஹேட்ச்பேக்கின் 165/80 டயரில் அது 132 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் கரிசல் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலே போட்ட தார் கூடவே நெளியும். குழியின் கூர்மையான விளிம்பில் விழும்போது அந்த 98 மில்லிமீட்டர் நசுங்கி, ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே ரப்பர் மாட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் இழைகள் அறுந்து டயரின் பக்கவாட்டில் வீங்கிய முடிச்சு தெரியும். அப்படி முடிச்சு தெரிகிற டயரோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. ஒரு அங்குலம் சிறிய ரிம்முக்கு மாறி, சற்றே உயரமான டயர் போட முடிகிற காரையே நான் தேர்ந்தெடுப்பேன். முன் பிரேக் டிஸ்க் அதற்கு இடம்கொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

'பத்து வருடத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது' என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்டு மயங்காதீர்கள். டயர் ரப்பரில் ஓசோன் தாக்குதலைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருள் கலந்திருக்கிறது. டயர் உருண்டு நெளியும்போதுதான் அது மேற்பரப்புக்கு வந்து காவல் காக்கும். ஷெட்டிலேயே நின்ற டயரில் அந்த வேலை நடக்காது, சிறு வெடிப்புகள் விழும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் பிறந்தநாள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு ஆண்டு தாண்டிய டயரை, தேய்மானமே இல்லாவிட்டாலும், விலை பேசும்போதே கழித்துவிடுங்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ரப்பர் முதுமையடையும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. குளிர்நாட்டுச் சாலைக்காகக் கைப்புத்தகத்தில் எழுதிய ஆண்டுக்கணக்கை விருதுநகர் வெயிலுக்கு அப்படியே நம்பக் கூடாது. கூலன்ட் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், டைமிங் பெல்ட் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட்-4 வகைக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. வண்டி கைக்கு வந்ததும் அதை மாற்றிவிடுவது நல்லது.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2025 முதல் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால், ஒரு லிட்டரின் ஆற்றலில் சுமார் ஏழு சதவீதம் குறைகிறது. அதைவிட முக்கியம், எத்தனால் பழைய வகை ரப்பர் குழாய்களையும் சீல்களையும் ஊதவைத்துக் கரைக்கக்கூடியது. எரிபொருள் குழாயில் கசிவு என்பது எந்த ஊரிலும் ஆபத்து. இந்த ஊரில் சொல்லவே வேண்டாம்.

வேகமே இல்லாத இரண்டு இருக்கை வண்டியும் நமக்குப் புதிதல்ல. 1990களின் கடைசியில் கோவாவில் சான் நிறுவனம் 'ஸ்டார்ம்' என்ற திறந்த கார் ஒன்றைச் செய்தது: கண்ணாடி இழை உடல், 1149 சிசி ரெனோ என்ஜின், 60 குதிரைத்திறன். கைமாறி வந்தால் யோசித்துப் பார்க்கலாம். கண்ணாடி இழை துருப்பிடிக்காது, ஆனால் போல்ட் மாட்டிய இடங்களில் அதிர்வால் வெடிக்கும். அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பக்கத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்த ஹெரால்டு கார், இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கைக் காருக்குச் சகோதரன். இரண்டிலும் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் தனித்தனியே ஊசலாடும் அச்சு. வளைவில் ஆக்சிலரேட்டரை சட்டென்று விட்டால் பின்பாகம் மேலெழும்பி, சக்கரங்கள் உட்புறமாக மடங்கி, பிடிப்பை இழந்து வால் வீசும். இந்திய வாங்குபவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்காததால், 1972இல் வந்த கேசல் காரில் உறுதியான ஒற்றை அச்சைப் பொருத்தினார்கள். சாலைக்குத் தக்க வண்டியைக் கேட்டு வாங்கிய அந்த மெக்கானிக்குகள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

இப்போது சூடு. என்ஜின் ஓடும்போது, சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உட்புறம் 400 முதல் 800 டிகிரி வரை போகும். காகிதம் தீப்பிடிக்க 230 டிகிரி அளவு போதும். ஸ்போர்ட்ஸ் காரில் இந்தப் பாகம் தரைக்கு மிக அருகே தொங்குகிறது. சித்திரை, வைகாசியில் காய்ந்து கிடக்கும் கோரைப்புல்மேலோ, அச்சகத்துக் கழிவுக் காகிதம் பறக்கிற காலி மனையிலோ வண்டியை நிறுத்தினால், என்ஜின் அணைந்த பிறகும் அடியில் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பட்டாசு ஆலைகளும் குடோன்களும் சுற்றி நிற்கும் ஊரில் புல்தரையில் வண்டி நிறுத்தும் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும். சிமென்ட் தரையோ, வெறும் மண்ணோ போதும்.

இதைவிட அதிகமாக என்னைக் கவலைப்படவைப்பது, சைலன்சரிலிருந்து படபடவென்று வெடிச்சத்தம் வருமாறு கணினியில் மாற்றிவைக்கும் வழக்கம். கைமாறும் ஸ்போர்ட்ஸ் கார்களில் இது சகஜம். ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் பெட்ரோலை ஊற்றி, அது சிலிண்டருக்குள் எரியாமல் வெளிக்குழாயில் எரியும்படி செய்வதே அதன் ரகசியம். சில நேரம் சுடர் வாலில் வெளியே தெரியும். பெட்ரோலியக் கிடங்குக்குள் போகும் லாரிக்கே சைலன்சரில் தீப்பொறித் தடுப்பான் இல்லாமல் அனுமதி கிடையாது. அப்படியிருக்க, வேண்டுமென்றே சுடர் துப்பும் காரைப் பட்டாசு மருந்து காயும் களங்கள் உள்ள சாலையில் ஓட்டுவது குற்றம் என்றே நினைக்கிறேன். பழைய நிலைக்கு மென்பொருளைத் திருப்பித் தர மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வேண்டுமென்று செய்யாவிட்டாலும் இதே விபத்து நேரலாம். ஒரு ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறியாவிட்டால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சூடாக்கும். காரைப் பார்க்கும்போது, வண்டிக் கணினியின் பிழை எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகச் சொல்லுங்கள். பி0300 முதல் பி0312 வரையிலான எண்கள் தீப்பொறி தவறுவதையும், பி0420 கன்வெர்ட்டர் சோர்ந்ததையும் சொல்லும். பதிவான பிழை எண்களை அப்போதுதான் அழித்திருந்தால் 'ரெடினஸ்' பகுதி முடியாமல் காட்டும். அப்படியானால் இரண்டு நாள் ஓட்டிய பிறகு மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றும், பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே மறுபதிவும், தமிழ்நாட்டு வரியும் சேர்ந்து வரும். விலை பேசுகையில் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பின்சீட்டு இல்லாததால் குழந்தையை முன்சீட்டில்தான் உட்காரவைக்க வேண்டியிருக்கும். பின்நோக்கிய குழந்தை இருக்கைக்கு எதிரே ஏர்பேக் வேலைசெய்யக் கூடாது. பயணி ஏர்பேக்கை நிறுத்தும் சுவிட்ச் இல்லாத காரைக் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.