லைனை விட்டு ஊருக்கு வந்தவர்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் காலை ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்தை எடுக்கிறவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒருகாலத்தில் நாக்பூர், இந்தூர், டெல்லி என்று நெடுந்தூர லைன் வண்டி ஓட்டியவராக அவர் இருப்பது அபூர்வமில்லை. பாடி கட்டும் பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், ரிக் வண்டிகள், முட்டை லாரிகள் என்று லாரியால் வளர்ந்த வட்டாரம் இது. ஹெவி லைசென்ஸ் எடுத்து வடக்கே போவது இங்கே ஒரு கௌரவம். அதை விட்டுவிட்டு, காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு வருகிறவரை, “என்னப்பா, உடம்புக்கு முடியலையா?” என்றுதான் ஊர் விசாரிக்கிறது.

உடம்பும் ஒரு காரணம்தான். முதுகு வலி, சர்க்கரை, கல்லடைப்பு, கெட்டுப்போன தூக்கம் என்று லைன் வண்டி கொடுத்தனுப்பும் நோய்கள் பல. ஆனாலும் பெரும்பாலோரை ஊருக்குத் திருப்புவது வேறு. எப்போது வீட்டுக்கு வருவோம் என்பது அவர்களுக்கே தெரியாது. கூலி நடைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு படி என்று பேசப்படுகிறது. லோடு இறக்கிய ஊரில் ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் புக்கிங் ஆபீஸ் வாசலில் வண்டி நிற்கும் நாட்களில் செலவு ஓடும், நடை ஓடாது. மகளின் சீருக்கோ தகப்பனின் காரியத்துக்கோ வந்து சேர முடியாமல் போனவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம்.

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. தொலைதூர ஓட்டமென்றால் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை போகலாம் என்றது. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்களே நிறைந்த தொழிலில் அது எத்தனை பேரைத் தொட்டிருக்கும்? நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-ல் எடுக்கப்பட்டது. அதே ஆண்டுதான் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. பாரம் கூடியது, ஆள் குறைந்தது. கிளீனர் வைப்பதும் அருகிவிட்டது. ஒற்றை ஆளாகத் தார்ப்பாய் கட்டி, டயர் மாற்றி, காவலும் இருந்து, விடியற்காலையில் மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வேண்டியிருக்கிறது.

விபத்து பற்றிய பயம் தனி. தெரியாத ஊரில், தெரியாத மொழியில், கூடிவிட்ட கூட்டத்துக்கு நடுவில் நிற்பதை நினைத்தே பலர் நடுங்குவார்கள். உயிர் போகும் விபத்தை ஏற்படுத்தி, தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு வந்ததும், 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் டிரைவர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. பயம் அப்படி நிறுத்திவைக்கக்கூடியது இல்லையே.

ஊருக்கு வந்தால் என்ன கிடைக்கிறது? சம்பளம் குறைகிறது, அதை மறைக்க வேண்டாம். மே மாதச் சம்பளம் தராத தனியார் பள்ளிகள் உண்டு. காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் கிடைக்கும் பகலில் சிலர் ஆடு மாடு பார்க்கிறார்கள். சிலர் ஆக்டிங் டிரைவராகப் போகிறார்கள். முகூர்த்த நாளில் கார் ஓட்டினால் கையில் கொஞ்சம் காசு புழங்கும். சொந்த லாரிக்கோ வீட்டுக்கோ தவணை கட்டிக்கொண்டிருப்பவர் இந்த வருமானத்தை நம்பி இறங்கக் கூடாது. கடனை முடித்துவிட்டு இறங்கியவர்களே நிலைக்கிறார்கள்.

வீட்டுக்குள் நடப்பது இன்னும் கடினமானது. வருடக்கணக்காக ரேஷன், பள்ளிக் கட்டணம், மொய், மாமியாரின் மருந்து எல்லாவற்றையும் தனியாகப் பார்த்தவர் மனைவி. காலை பத்து மணிக்குத் திண்ணையில் வந்து உட்காரும் கணவர் அந்த ஏற்பாட்டில் எங்கே பொருந்துவார்? வந்ததும் அதிகாரம் செய்யத் தொடங்கியவர்கள் சலித்துப்போய்த் திரும்பவும் லைனுக்கே போய்விடுவதுண்டு. வீட்டு வேலையில் ஒரு பங்கைத் தனதாக்கிக்கொண்டவர்கள் தங்கிவிடுகிறார்கள். குழந்தையாக விட்டுப்போன மகன் மீசையோடு எதிரில் நிற்கும்போது பேச்சைத் தொடங்கவே அப்பாவுக்குச் சில மாதங்கள் பிடிக்கலாம். அந்த மாதங்களுக்காகத்தான் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

லைனை விட்டுப் பள்ளிப் பேருந்துக்கு வருவதை ஊர் இறக்கமாகப் பார்ப்பது நியாயமே இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குக் கனரக வாகனத்தில் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2012-ல் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து சென்னையில் ஒரு சிறுமி இறந்த பிறகு, தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்த, நிதானமான ஹெவி டிரைவர் ஒருவர் அந்த இருக்கையில் இருப்பதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்?

டிரைவர் கிடைக்கவில்லை என்று லாரி உரிமையாளர்கள் வருந்துகிறார்கள். டிரைவர்களின் பிள்ளைகளே இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. கேபினுக்கு ஏசி 2025-லிருந்து புது லாரிகளில் கட்டாயமாகியிருக்கிறது, நல்லது. வீடு திரும்பும் நேரத்தை யார் கட்டாயமாக்குவார்கள்? 2014-ல் தொடங்கிய ரிவிகோ நிறுவனம் ஒரு வழி காட்டியது. டிரைவர் சில மணி நேரம் ஓட்டி, அடுத்த நிலையத்தில் வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்து, எதிர்த்திசை வண்டியில் ஊர் திரும்பிவிடுவார். நாமக்கல்லிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 160 கிலோமீட்டர். அங்கே கைமாற்றினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். ஒற்றை லாரிக்காரரால் இது முடியாது. சங்கங்கள் ஒன்றுசேர்ந்தால் முடியும். அதுவரை நல்ல டிரைவர்கள் பள்ளி வேனுக்கு இறங்கிக்கொண்டேதான் இருப்பார்கள்.

இறங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெவி லைசென்ஸை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறாதீர்கள். பள்ளி வேலைக்கும் அதுதான் ஆதாரம். அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்தில் 60 வயதுக்குள் பதிவு செய்துவிடுங்கள். 60-க்குப் பின் ஓய்வூதியம் கேட்க அந்தப் பதிவு வேண்டும்.